அல்பைன் லினக்ஸில் கேவிஎம் இயங்க வைத்தது

4 ஜிபி ரேம் உள்ள பழைய இன்டெல் மடிக்கணினி. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளில் விருந்தினர் கணினி (உள்ளே ஓடும் கணினி) இயங்கியது, ஆனால் ஆமை வேகம். வன்பொருள் உதவி இல்லாமல் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். சிபியுவின் அந்த உதவியைப் பயன்படுத்த வைப்பது கேவிஎம், லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு வசதி.

முதலில் சிபியு தகவலில் விஎம்எக்ஸ் என்ற கொடி (இந்த உதவி உண்டு என்று காட்டும் குறி) இருக்கிறதா என்று பாருங்கள்; ஏஎம்டி என்றால் எஸ்விஎம். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய கெர்னல்களில் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அந்த வசதியைப் பூட்டி வைத்திருந்தாலும் கொடி தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் கேவிஎம்_இன்டெல் மாட்யூலை (கெர்னலில் சேர்க்கும் துணைப்பகுதி) ஏற்றியதும், பயாஸ் முடக்கியிருப்பதாக டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவு) ஒரு வரி வந்தது. பயாஸில் விடி-எக்ஸை (இன்டெல் இந்த வன்பொருள் உதவிக்கு வைத்த பெயர்) இயக்கிச் சேமித்தபின், வெறும் ரீஸ்டார்ட் போதாமல் போகலாம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து மறுபடி போடுங்கள்.

மாட்யூல் பெயரை இடிசி கோப்புறையிலுள்ள மாட்யூல்ஸ் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் ஒவ்வொரு பூட்டிலும் தானே ஏறும்.

அடுத்தது அனுமதிப் பிழை. டெவ் கோப்புறையிலுள்ள கேவிஎம் சாதனம் ரூட்டுக்கும் கேவிஎம் குழுவுக்கும் மட்டுமே திறக்கும். உங்கள் பயனரைக் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். பழைய அமர்வுக்குப் புதிய குழு தெரியாது. சாதனத்துக்கு 666 அனுமதி (எல்லாரும் படிக்கவும் எழுதவும்) கொடுப்பது தவறான குறுக்குவழி.

கியூஎம்யூ கட்டளையில் கேவிஎம்மை இயக்கும் தெரிவைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எந்தப் புகாரும் இல்லாமல் மெதுவான வழியிலேயே ஓடும். சிபியு வகைக்கு ஹோஸ்ட் (உங்கள் சிபியுவையே காட்டும்), ரேமுக்கு 1024 (எம்பி), வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் விர்ட்ஐஓ (விருந்தினர் கணினிகளுக்கென்றே உருவான வேகமான சாதன வகை) என்று கொடுங்கள்.