தொழில்நுட்பம் மாறுகிறதே என்று பதறும் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் செய்யும் தவறுகள்

தஞ்சாவூருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1950-களின் கடைசியில். திருவாரூருக்கு 2010, நாகப்பட்டினத்துக்கு 2022. எங்கள் பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வெள்ளை கோட் கொடியில் காய்கிறது, அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்பதும் ஒரே கேள்விதான்: "சார், இனிமே எல்லாத்தையும் ஏஐ பாத்துக்குமாமே, புள்ளைய என்ன கோர்ஸ்ல சேக்கறது?"

முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. முதலாம் ஆண்டில் கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு உடலியங்கியலில் அரியர் வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆசை இருந்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று கற்கும் மென்பொருள் அவர்கள் ஹவுஸ் சர்ஜன் (படிப்பின் முடிவில் பயிற்சி மருத்துவர்) ஆவதற்குள் பழசாகிவிடும், சிறுநீரகம் அப்படியேதான் வேலை செய்துகொண்டிருக்கும்.

அடுத்தது, நோயாளியைத் தொடாமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பது. இதை நானே செய்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம், களை பறிக்கப் போகும் ஓர் அம்மா ஒரு வாரக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. சரி, டைபாய்டாக இருக்கும் என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்தோம், காய்ச்சல் இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்ட அவருடைய மகள்தான், மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருப்பதைப் பார்த்து சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்க்ரப் டைபஸ், செய்தித்தாளில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுவார்களே, அதுதான். அந்தக் கிருமிக்கு செஃப்ட்ரியாக்சோன் கேட்காது. டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். மூன்று நாளில் எத்தனை ரத்தப் பரிசோதனை எழுதினோம் என்று கேஸ் ஷீட்டைப் பார்த்தால் தெரியும், ஒரு பெண் டாக்டரை அழைத்துத் திரை போட்டு உடம்பு முழுக்கப் பார்க்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ அந்தக் கால வைத்தியம்தான் சரி" என்று கிளம்பினால் அதுவும் தவறுதான். அதே காய்ச்சலுக்கு நாங்கள் படித்த காலத்தில் வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பரிசோதனையை உருப்போட்டோம். அது முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு, இன்று எலைசா என்ற ரத்தப் பரிசோதனை அதைவிட நம்பகமானது. மருந்தும் மாறியிருக்கிறது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின், ஏதாவது ஒன்று போதும் என்றிருந்தோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகப் போடுவதே மேல் என்று காட்டியது. இரண்டு மருந்தும் கிருமி புரதம் தயாரிப்பதைத்தான் தடுக்கின்றன, ஆனால் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமின் வெவ்வேறு பாகங்களில் போய் உட்கார்ந்து தடுக்கின்றன. இரண்டாம் ஆண்டு மருந்தியலில் இதைப் புரிந்து படித்த பிள்ளைக்கு அந்த ஆய்வு சட்டென்று பிடிபடும், நாளைக்கு இன்னொன்று வந்தாலும் எடை போட்டுப் பார்க்கத் தெரியும். செயலியில் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு வரியை அழித்து வேறு வரியை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். முதுநிலை நுழைவுத்தேர்வுப் பயத்தில் வார்டுக்குப் போகாமல் நூலகத்திலேயே கிடப்பவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை, நம் தேர்வு முறை அப்படி.

சரி, ஏஐக்கு வருவோம். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து காசநோய் இருக்கலாமா என்று சொல்லும் மென்பொருளை உலக சுகாதார நிறுவனமே 2021-இல் பரிந்துரைத்தது. நல்ல கருவி. ஆனால் அந்தப் பரிந்துரை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். எட்டு வயதுக் குழந்தையின் படத்தைப் போட்டாலும் காசநோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது பாட்டுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கக்கூடும், எப்போதோ ஆறிப்போன தழும்புக்கும் கூடுதலாகவே கொடுக்கக்கூடும். யாருடைய படங்களைக் காட்டிப் பழக்கினார்கள், எந்த எண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது, இந்த இரண்டையும் கேட்காமல் திரையில் வந்த எண்ணை அப்படியே சீட்டில் எழுதுவதுதான் தவறு. பழகிய பரிசோதனைகளுக்கும் இதே கதைதான். ஓ.பி.க்கு வரும் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று இங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதை மட்டும் நம்பிச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி அந்த நோயாளி வயலிலேயே மயங்கி விழக்கூடும்.

சாட்பாட்டிடம் சந்தேகம் கேட்பதில் தப்பில்லை. இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் போட்டுக் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு, அதனால் மூலத்தைத் திறந்து பாருங்கள். நோயாளியின் பெயர் தெரியும் ஸ்கேனை அதிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஏற்றாதீர்கள். சின்ன ஊர் இது, அந்தப் பெயரை யாருக்காவது தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று, கரண்டும் டவரும் எப்போதும் இருக்கும் என்று நினைப்பது. 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. பல ஊர்களில் விளக்கு எரியவே நாள்கணக்கானது. அப்படி ஒரு நாளில் பாம்புக்கடி வந்தால் என்ன செய்வீர்கள்? கண்ணாடி விரியனின் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது, அதைக் கண்டுபிடிக்க மின்சாரமே வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். (நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை, அங்கே இந்தச் சோதனை உதவாது, இமை தொங்குகிறதா என்று பாருங்கள்.) பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, இரண்டும் பொய் சொல்லும். இப்போது எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் குழாய்தான். உங்கள் வார்டில் கண்ணாடிக் குழாய் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அடுத்த டூட்டியிலேயே சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.