ஒரு காட்டுயிர்ப் படத்தைப் பத்து நிமிடம் பார்ப்பது எப்படி

கைப்பேசியில் தள்ளிக்கொண்டே போனால் மீன்கொத்தியின் நீலம் மட்டுமே நினைவில் நிற்கும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, பெரிய திரையிலோ அச்சிலோ பாருங்கள். படக்குறிப்பை முதலில் மறைத்துவிடுங்கள். படித்துவிட்டால் அதில் சொன்னது மட்டும்தான் கண்ணில் படும்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். அலகு நுனி தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி மேற்பகுதியில் இருந்தால் வானத்து வெளிச்சம். கண்பாவையின் நட்டநடுவில் சிறு பொட்டாக இருந்தால் பெரும்பாலும் கேமராவின் ஃபிளாஷ். சேற்றில் இரை தேடும் சிறு பறவையான உள்ளான், உங்கள் கண்மட்டத்தில் நேருக்கு நேர் பார்க்கிறதா? எடுத்தவர் சேற்றில் குப்புறப் படுத்திருப்பார்.

பறக்கும் பறவையின் சிறகு நுனிவரை உறைந்து நின்றால் ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/2000 நொடியை ஒட்டி இருந்திருக்கும். விடியற்காலையில் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்ற வேண்டும், நிழல் பகுதிகளில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். அதைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளால் அதை அடியோடு துடைத்து, இறகை மெழுகாக்கிவிடுவதுதான் குறை.

இனி விலங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். மீன்கொத்தியின் அலகில் மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் குஞ்சுக்கோ இணைக்கோ கொண்டுபோகும் மீன். தானே விழுங்குவதென்றால் தலையை உள்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு ஏறியிருந்தால் இனப்பெருக்கக் காலம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து யானையின் கன்னத்தில் கறுப்பாக வழிந்திருந்தால் மதநீர். யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, கேமராவை நேராகப் பார்க்கிறதா? 'கம்பீரம்' என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் எடுத்தவர் நெருங்கிப் போய் அதைச் சீண்டியிருக்கிறார்.

சந்தேகப்பட வேண்டிய படங்களும் உண்டு. கூட்டைச் சுற்றிய இலைகள் கழிக்கப்பட்டு, குஞ்சுகள் வெயிலில் வாய் பிளந்து கிடந்தால் அந்தக் கூட்டைக் காக்கைக்கும் காட்டிக்கொடுத்தாயிற்று. தவளை குடை பிடிப்பது, நத்தைமேல் பல்லி சவாரி போவது போன்றவை பெரும்பாலும் பிடித்துவைத்து எடுத்தவை; சில, குளிரூட்டி அசைவை மந்தமாக்கியும் கட்டிவைத்தும் எடுத்தவை. நடுவர்களே ஏமாறுவதுண்டு. 'ஆண்டின் காட்டுயிர்ப் புகைப்படக்காரர்' போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கிய படத்தில் ஓர் ஓநாய் வேலிக்கதவைத் தாண்டும். அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதி 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் அதை மறுத்தார்.

கண்ணைப் பழக்க, காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனின் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தவர். பழக்கிய யானையின் முதுகிலிருந்து காட்டு யானைகளை எடுத்தவர். வண்ணம் இல்லாததால் நிற்கும் விதம், தோல் மடிப்பு, நிழல் ஆகியவற்றின் மேல் பார்வை தானாகப் போகும்.

இப்போது படக்குறிப்பைத் திறங்கள். இனம், மாதம், இடம், எடுத்த முறை நான்கும் இருந்தால் நல்ல குறிப்பு. ஆந்தை, கூடு, அரிய இனங்களுக்கு மாவட்டத்தோடு நிறுத்தியிருந்தால் அது பொறுப்பு. "எந்த மரம், லொகேஷன் அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். மறுநாளே அந்த மரத்தடியில் இருபது பேர் நிற்பார்கள்.

எடுத்தவரிடம் "அருமை, சூப்பர்" என்பதற்குப் பதிலாக நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லி, ஒரு கேள்வி கேளுங்கள்: "மீனின் தலை வெளியே இருக்கிறதே, பக்கத்தில் கூட்டுப் பொந்து இருந்ததா?" பகிர்வதென்றால் அனுமதி வாங்கி, பெயரை வெட்டாமல் பகிருங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல பாராட்டு, காசு கொடுத்து அச்சுப்படம் வாங்குவது. 12க்கு 18 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துப் போட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த நகல் அதற்குத் தேறாது, மூலக்கோப்பிலிருந்தே போடச் சொல்லுங்கள். படம் சீக்கிரம் மங்காமலிருக்க நிறமி மையும் அமிலமற்ற தாளும் கேளுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடாவிட்டால் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.