பொருண்மையியல் முதல் பருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்லும் வாக்கியமும் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் பொருண்மையியலைப் புதிதாகப் படிப்பவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் சறுக்கல். அடைப்புக்குறியை மூடாமல் விடுவது, குறியீட்டை மாற்றிப் போடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அகராதி விளக்கத்தைப் பொருளாக எழுதுவது

எழுதாதீர்கள்.

உண்மையையும் உண்மை நிபந்தனையையும் குழப்புவது

"இந்த நிமிஷம் மெரினாவில் நிற்பவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படை." இது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. எப்படி இருந்தால் உண்மை என்பது, அதாவது அதன் உண்மை நிபந்தனை, தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பொருள் என்று வகுப்பில் கேட்பது அதைத்தான்.

சோதிக்காமல் பெயர் சூட்டுவது

அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இதுதான், ஏனென்றால் தவிர்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் இன்னொன்று மனதில் தோன்றினால் உடனே 'என்டெயில்மென்ட்' (முதலாவது உண்மை என்றால் இரண்டாவதும் உண்மையாகியே தீர வேண்டும் என்ற உறவு) என்று எழுதிவிடுகிறார்கள். அப்படித் தோன்றுவதில் மூன்று வகை உண்டு.

முதலில் ரத்து செய்து பாருங்கள். "சில மாணவர்கள் தேறினார்கள்" என்றால் எல்லோரும் தேறவில்லை என்று படுகிறது. பின்னால் ஒட்டுங்கள்: "சில மாணவர்கள் தேறினார்கள், சொல்லப்போனால் எல்லோருமே தேறிவிட்டார்கள்." முரண் இல்லை. ஆகவே இது இம்ப்ளிகேச்சர்: 'எல்லோரும்' என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர் ஊகித்துக்கொள்வது. தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு உரைகளில் விளக்கியது இதைத்தான். "குமார் நாய் வளர்க்கிறான், ஆனால் எந்த விலங்கையும் வளர்க்கவில்லை" என்பதோ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அது என்டெயில்மென்ட்.

அடுத்து எதிர்மறையாக்குங்கள். "குமார் சிகரெட்டை நிறுத்திவிட்டான்" என்பதில் இரண்டு செய்திகள்: முன்பு பிடித்தான், இப்போது பிடிப்பதில்லை. "நிறுத்தவில்லை" என்றால் இரண்டாவது போய்விடுகிறது, முதலாவது அப்படியே நிற்கிறது. நிற்பது பிரீசப்போசிஷன்: வாக்கியம் முன்கூட்டியே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் செய்தி. "பிடித்ததே இல்லையே, எங்கே நிறுத்துவது?" என்று ஒருவர் மடக்கலாம், அது வாக்கியத்தின் மறுப்பு அல்ல, அப்படிப் பேசியதற்கே மறுப்பு. இந்தச் சிக்கலில் மாட்டாமலிருக்க "நிறுத்திவிட்டானா?" என்ற கேள்வியிலும் "நிறுத்தியிருந்தால் நல்லது" என்பதிலும் அதே செய்தி தங்குகிறதா என்று சேர்த்தே பாருங்கள்.

இதைவிட மோசமானது, ஆங்கிலப் பாடநூலின் தீர்ப்பைத் தமிழ் வாக்கியத்துக்கு அப்படியே எடுத்து எழுதுவது. ஆங்கிலத்தில் ஒருவரை எழுப்பினேன் என்றால் அவர் விழித்தாக வேண்டும். தமிழிலோ "ரெண்டு தடவை எழுப்பினேன், எழுந்திருக்கவே இல்ல" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. அங்கே என்டெயில்மென்ட் இல்லை. 'எழுப்பிவிட்டேன்' என்று மாற்றினால் பலருக்கு உறுத்தும். 'விடு' என்ற துணைவினை வேலை செய்கிறது: செயல் முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. "தேங்காயை உடைத்தேன், உடையவில்லை" என்பதைச் சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். அதனால் உங்கள் காதை மட்டும் நம்பாமல் நாலைந்து பேரிடம் கேளுங்கள். "இது சரியா?" என்று கேட்டால் இலக்கணம் திருத்துவார்கள். "இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

'எல்லா'வுக்கு 'மற்றும்' போடுவது

"எல்லாக் காகமும் கறுப்பு" என்பதை "எதை எடுத்தாலும் அது காகம் மற்றும் கறுப்பு" என்று குறியீட்டில் எழுதினால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் காகமாகிவிடும். வேண்டியது "எதை எடுத்தாலும், அது காகம் என்றால் கறுப்பு". 'ஒரு காகம் வெள்ளை'க்கு நேரெதிர்: அங்கே 'மற்றும்'தான் சரி. 'என்றால்' போட்டால், காகமல்லாத ஒரு பொருள் இருந்தாலே வாக்கியம் உண்மையாகிவிடும், நிபந்தனையின் முன்பாதி பொய் என்பதால்.

பிரான்ஸ் மன்னரின் வழுக்கை

"பிரான்ஸின் இன்றைய மன்னர் வழுக்கை." பிரான்ஸில் இன்று மன்னரே இல்லை; அப்படியானால் இந்த வாக்கியம் பொய்யா? பொய் என்றால் தத்துவ அறிஞர் ரஸ்ஸல், 1905. உண்மையும் இல்லை பொய்யும் இல்லை என்றால் அவரை மறுத்த ஸ்ட்ராசன், 1950. யார் வழியில் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மேற்கோள் குறி

'சென்னை'க்கு மூன்றெழுத்து, சென்னைக்குக் கடற்கரை. ஊரைப் பற்றி அல்லாமல் சொல்லைப் பற்றிப் பேசும்போது குறியை விடாதீர்கள்.

எதைப் பார்த்தாலும் 'இருபொருள்' என்பது

'மாமா' என்பது அம்மாவின் தம்பியாகவும் இருக்கலாம், அத்தையின் கணவராகவும் இருக்கலாம். உடனே இருபொருள் என்று எழுதிவிடுகிறார்கள். "குமாரின் மாமா வந்தார், ரவியுடையவரும் வந்தார்": ஒருவர் தாய்மாமனாகவும் மற்றவர் அத்தை கணவராகவும் இருந்தால் உறுத்துகிறதா? இல்லை. ஆகவே இது ஒரே பொருள், விரிவானது, அவ்வளவுதான். "குமார் கேட்டது மாலை, ரவி கேட்டதும் அதுதான்" என்பதில் ஒருவருக்குப் பூமாலை, மற்றவருக்குச் சாயங்காலம் என்று கொள்ள முடியாது; கொண்டால் சிலேடையாகிவிடும். அதுதான் இருபொருள். விடையில் முடிவை மட்டும் எழுதாமல் இந்தச் சோதனை வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்.