மடவை சேறு தின்று வாழ்கிறதா?

திருத்துறைப்பூண்டி மீன் சந்தையில் போன மாதம் ஒருவர், ஆய்ந்து கொடுத்த மடவையை வாங்க மறுத்துவிட்டார். வயிற்றின் உட்புறம் மை பூசியதுபோல் கறுத்திருந்ததால், கெட்டுப்போன மீன் என்று நினைத்துவிட்டார். "மடவைக்கு வயிறே அப்படித்தான் தங்கச்சி" என்று மீன் விற்ற அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. சொன்னது உண்மை. அந்தக் கறுப்புச் சவ்வு மடவைக்கு இயற்கையாகவே உள்ளது. பாசி மேயும் வேறு பல மீன்களுக்கும் உண்டு. விரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். மீன் புதியதா என்று அறியக் கண்ணையும் செவுளையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, மடவையைச் 'சேறு தின்னி' என்று ஒதுக்குவது. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பாமனியாறும் கோரையாறும் வந்து சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், ஓதம் வற்றிய நேரத்தில் சேற்றைக் குனிந்து பாருங்கள். வெயில் பட்ட சேற்றின் மேல் பொன்னும் பழுப்பும் கலந்த மெல்லிய படலம் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் பாசிகள் கோடிக்கணக்கில் கூடிய படலம் அது. மடவையின் சோறு அதுதான். ஓதம் ஏறியதும் கூட்டமாக வந்து, தலையைச் சாய்த்து அந்தப் படலத்தை வழித்து உறிஞ்சும். மட்கிய இலைத்துகளும் அதோடு உள்ளே போகும். செவுளில் சீப்புபோல் அடர்ந்த முட்கள் உணவை நிறுத்திக்கொள்ள, வேண்டாத மண் செவுள் வழியே புகைபோல் வெளியேறும்.

கொஞ்சம் மணல் மட்டும் உள்ளே தங்கும். அதுவும் வீண் அல்ல. மடவைக்கு அரைக்கும் பற்கள் இல்லை. இரைப்பையின் ஒரு பகுதி கோழியின் அரைவைப் பைபோலத் தடித்திருக்கும். உள்ளே போன மணல்தான் அங்கே ஆட்டுக்கல்லாக நின்று பாசியின் கெட்டியான ஓட்டை உடைக்கிறது. அதன்பின் உடலைவிடப் பல மடங்கு நீளமான குடலில் செரிமானம் நடக்கிறது. மீனைக் கிழித்து, மணலைப் பார்த்து, மணலே உணவு என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. கோழி கல் தின்று உயிர் வாழ்கிறது என்று சொல்வதற்கு அது சமம். முட்டையிடக் கடலுக்குப் போகும் மடவை சரியாக மேயாது. அந்தச் சமயத்தில் பிடித்த மீனின் வெற்றுக் குடலை வைத்தும் முடிவு கட்டக் கூடாது.

தூண்டில்காரர்கள் பெரிய முள்ளில் முழு இறாலைக் கோத்துக் காத்திருப்பார்கள். கொடுவா வேண்டுமானால் வரும். மடவையின் சிறிய வாய்க்குச் சிறு முள்ளும் மாவு உருண்டையும் போதும்.

உவர்நீர்க் குளத்தில் மடவை வளர்ப்பவர்கள் செய்யும் தவறு பணத்தையே கரைக்கும். குளத்தை நிரப்பியவுடன் குஞ்சுகளை விட்டுத் தீவனத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். முதலில் தரையைக் காயவிட்டு, உரமிட்டு, ஆழமில்லாமல் நீர் கட்டி, வெயில் அடிவரை எட்டும்படி சில நாள் வைத்தால் பாசிப்படலம் தானே விரியும். அது பிடித்த பிறகு நீரை உயர்த்தலாம். கலங்கிய ஆழ நீரில் அடியில் பாசி வளராது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் துணைக்குத்தான். மிஞ்சியது அடியில் அழுகி, மேய்ச்சல் தரையையே கெடுத்துவிடும். விரல் நீளம்கூட வராத சின்னக் குஞ்சு வேறு வகை: அது நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குயிர்களைத் தின்று, வளர வளரத்தான் தரைக்கு இறங்கும். பெரிய மீனின் கணக்கைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்.

சில குளத்து மீன்களில் வரும் மண் வாடைக்குச் சேறு காரணம் அல்ல. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். புளிப்பில் அது சிதைந்துவிடும். நம் வீட்டுக் குழம்பில் புளி தாராளமாக இருப்பது இங்கே நல்லதாகப் போயிற்று.

ஆயும்போது உருண்டையாக, கெட்டியாகக் கையில் தட்டுப்படும் அந்த அரைவைப் பையைப் பூனைக்கு எறிந்துவிடுகிறோம். ஜப்பானிலும் தைவானிலும் அதைத் தேடிச் சாப்பிடுகிறார்கள். நடுவில் கீறி விரித்து, மணல் போகும்வரை கழுவி, உள்தோலை உரித்துவிட்டு, மிளகு போட்டு வறுத்துப் பாருங்கள்.