புதுப்பித்தலுக்குப் பின் திறக்க மறுக்கும் செயலியிலிருந்து கடவுச்சொற்களை மீட்டெடுத்தல்

கைத்தொலைபேசி இரவில் தானாகவே இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. மறுநாள் காலையில், கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருந்த செயலி திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, அல்லது வெறும் வெள்ளைத் திரையாக நிற்கிறது, அல்லது திறந்தாலும் பட்டியல் காலியாகத் தெரிகிறது. இந்த மூன்றில் எது நேர்ந்தாலும், பெரும்பாலான வேளைகளில் கடவுச்சொற்கள் தொலைபேசியின் உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை உண்மையில் அழிப்பது புதுப்பிப்பன்று. அதன்பின் பதற்றத்தில் நாம் செய்யும் பழுதுபார்ப்புதான். ஆகவே இந்த வழிகாட்டி, செய்யக் கூடாதவற்றிலிருந்து தொடங்குகிறது.

முதலாவதாக, அந்தச் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் பதிவிறக்கம் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் பிற செயலிகள் எட்டிப் பார்க்க முடியாத தனி அறை ஒன்று உண்டு. செயலியை நீக்கும்போது அந்த அறையும் அதிலுள்ள அனைத்தும் சேர்ந்தே அழிந்துவிடும். அமைப்புகளில் செயலியின் பக்கத்தைத் திறந்தால் ‘கிளியர் கேச்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பொத்தான்கள் அருகருகே தெரியும். சில தொலைபேசிகளில் இரண்டாவதன் பெயர் ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்றிருக்கும். முன்னது தற்காலிகக் கோப்புகளை மட்டுமே துடைப்பதால் அதனால் ஆபத்தில்லை. பின்னது செயலியை நீக்குவதற்குச் சமம். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ என்பது செயலியை நிறுத்துமே தவிர எதையும் அழிக்காது.

நீக்குவதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய காலத்துக்கென எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே தொலைபேசியில் இருக்கும் பழைய செயலி புதுப்பித்தலுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். ஆனால் ஒருமுறை நீக்கிவிட்டால் மறுபடியும் உள்ளே கொண்டுவருவது எளிதன்று. பல ஆண்டுகளாக மேம்படுத்தப்படாத செயலியில் கடவுச்சொற்களை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், தொலைபேசியில் எந்தக் கோளாறு என்றாலும் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, அரிசி பருப்பு வாங்கித் திரும்பும்போது பெற்றுக்கொள்வது வழக்கம். உடைந்த கண்ணாடிக்கும் களைத்த மின்கலத்துக்கும் அந்த வழக்கம் சரியானது. செயலி திறக்கவில்லை என்ற புகாருக்கோ, கடைக்காரர் முதலில் யோசிக்கும் மருந்து தொலைபேசியை முழுவதுமாக அழித்துப் புதிதுபோல் ஆக்குவதாக இருக்கக்கூடும். அவரிடம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், தரவு எதையும் அழிக்கக் கூடாது என்பதை வாயால் சொல்வதோடு நில்லாமல், ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டிக் கொடுங்கள். பழைய இயங்குதளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று யாரேனும் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அப்படித் திருப்புவதும் பொதுவாகத் தொலைபேசியை வெறுமையாக்கித்தான் நடக்கிறது.

இரண்டாவது தடை திரைப்பூட்டைப் பற்றியது. இதைப் பலர் அறிவதில்லை. கடவுச்சொல் செயலிகள் பலவும், கடவுச்சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் தம் பெட்டகத்தைத் திறக்கும் சாவியைத் தொலைபேசியின் பாதுகாப்பு வன்பொருளுக்குள் வைக்கின்றன. அந்தச் சாவியை வெளியே எடுக்கவோ வேறு தொலைபேசிக்கு மாற்றவோ முடியாது. திரைப்பூட்டை அகற்றினால், அதனோடு பிணைக்கப்பட்ட சாவிகள் நிரந்தரமாகச் செல்லாமல் போகின்றன. விரல்ரேகையுடன் பிணைக்கப்பட்ட சாவிகள், புதிதாக ஒரு விரலைப் பதிந்தாலே பொதுவாகச் செல்லாமல் போகின்றன. ரப்பர் மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்துபோன விரல்களைத் தொலைபேசி அடையாளம் காணாததால், நம்மில் பலர் அடிக்கடி விரலை மறுபடியும் பதிந்துகொள்கிறோம். செயலி பழுதாகியிருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். பெட்டகத்தைத் திறக்கத் தட்டச்சு செய்யும் முதன்மைக் கடவுச்சொல் நினைவிருப்பவருக்கு இதனால் கேடில்லை. விரலை மட்டுமே நம்பியிருந்தவருக்கோ பெட்டகம் இருந்தும் சாவி இல்லாத நிலைதான் மிஞ்சும்.

அடுத்து, உங்கள் கடவுச்சொற்கள் உண்மையில் எங்கே சேமிக்கப்பட்டிருந்தன என்று கண்டறியுங்கள். ‘தொலைபேசி தானாகவே நிரப்பிக்கொள்ளும்’ என்று மட்டும் அறிந்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. ஆண்ட்ராய்டில், ஜிமெயில் கணக்கோடு இணைந்த கூகுள் கடவுச்சொல் நிர்வாகி அந்த வேலையைச் செய்திருக்கலாம். சாம்சங் தொலைபேசியானால் சாம்சங் பாஸ் செய்திருக்கலாம். பிட்வார்டன், கீபாஸ் வகைச் செயலி ஒன்றை மகனோ மகளோ நிறுவிக் கொடுத்திருக்கலாம். புதுப்பித்தலுக்குப் பிறகு, தானாக நிரப்பும் பொறுப்பு ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடுவதும் உண்டு. அப்போது கடவுச்சொற்கள் தொலைந்ததுபோல் தோன்றினாலும், கேட்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அமைப்புகளின் தேடல் பெட்டியில் ‘ஆட்டோஃபில்’ என்று தட்டச்சு செய்து, அங்கே எந்தச் சேவை தேர்வாகியுள்ளது என்று பார்த்து, பழையதைத் திரும்பத் தேர்ந்தெடுத்தாலே சிக்கல் தீரக்கூடும்.

கூகுளில் இருந்தவை என்றால் அந்தத் தொலைபேசியே தேவையில்லை. வேறொரு கணினியில் அதே ஜிமெயில் கணக்குக்குள் நுழைந்து, கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலுள்ள கடவுச்சொல் நிர்வாகியைத் திறந்தால் பட்டியல் முழுவதும் தெரியும். பிட்வார்டன் போல் பெட்டகத்தை இணையத்தில் வைக்கும் சேவைகளிலும், உலாவி வழியாக நுழைந்து முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் அதைச் சொல்ல முடியாது, ஏனெனில் அது அவர்களிடமே இல்லை. கீபாஸ் வகையில் பெட்டகம் என்பது ஒரே ஒரு கோப்புதான். அந்தக் கோப்பு தொலைபேசியின் பொதுச் சேமிப்பிடத்திலோ கூகுள் டிரைவிலோ இருந்தால், அதைப் பிரதியெடுத்துக் கணினியில் உள்ள கீபாஸ் வகை மென்பொருள் எதிலும் திறக்கலாம். பழுதான செயலியை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டகத்தைத் திறக்கக் கடவுச்சொல்லோடு சாவிக்கோப்பு என்ற தனிக் கோப்பு ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்கள் அதையும் தேடி எடுக்க மறக்கக் கூடாது.

இவை எதிலும் இல்லாமல், ஒரே செயலியின் தனி அறையில் மட்டுமே கடவுச்சொற்கள் இருக்கின்றன என்றால், அந்தச் செயலிக்கு உயிரூட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு. தொலைபேசியை முற்றிலும் அணைத்து மீண்டும் போடுங்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு பின்னணியில் ஓடும் வேலைகள் முடிய நேரம் பிடிக்கும். சேமிப்பிடம் நிரம்பியிருந்தாலும் செயலிகள் திறக்க மறுக்கும், ஆகவே வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து குவிந்த காணொளிகளை நீக்கி இடம் உண்டாக்குங்கள். பிறகு ‘கிளியர் கேச்’ செய்யுங்கள். அடுத்து, பிளே ஸ்டோரில் அந்தச் செயலியை மட்டுமல்லாமல் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’, குரோம் ஆகிய இரண்டையும் மேம்படுத்துங்கள். இவ்விரண்டுக்கும் கடவுச்சொல் செயலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பல செயலிகள் தம் திரையின் ஒரு பகுதியை வெப்வியூவைக் கொண்டே வரைகின்றன. 2021 மார்ச்சில் பழுதான வெப்வியூ பதிப்பு ஒன்று வெளியானபோது, உலகெங்கும் ஜிமெயில் உட்பட எத்தனையோ செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன; வெப்வியூவையும் குரோமையும் மேம்படுத்தியதும் அவை சரியாயின. செயலியின் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இதற்கும் மசியாவிட்டால், செயலியை உருவாக்கியவர்களுக்குத் தொலைபேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதிவிட்டுக் காத்திருங்கள். புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற திருத்தம் வெளிவந்தால், அது பழைய செயலியின் மேலேயே அமர்ந்துகொள்ளும். அறையிலுள்ள தரவு அப்படியே இருக்கும். காத்திருப்பது எரிச்சலூட்டும்தான், ஆனால் இந்தக் கட்டத்தில் அதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை. திருத்தப்பட்ட பதிப்பு என்று சொல்லி வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யாரேனும் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால், அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் நிறுவாதீர்கள். மலேசியாவில் வங்கிக் கணக்குகளைச் சுரண்டும் மோசடிக்காரர்களின் விருப்பமான வழிகளுள் இதுவும் ஒன்று. ஏற்கெனவே நிறுவிப் பணமும் போயிருந்தால், வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் சற்றுக் குறைவு. அங்கே சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களை, 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற தனிச் செயலியில் காணலாம். அதற்கு முன் அவை அமைப்புகளுக்குள் இருந்தன. தனிச் செயலி ஒன்று பழுதானால் ‘டெலீட்’ செய்யாமல் ‘ஆஃப்லோடு’ செய்து மீண்டும் பதிவிறக்கலாம், தரவு தங்கிவிடும். அச்செயலி ஆப் ஸ்டோரில் இன்னும் கிடைக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் காப்புப்படி எடுக்கும்போது, குறியாக்கம் செய்த காப்புப்படியில் மட்டுமே கடவுச்சொற்கள் சேரும்.

செயலி ஒருவழியாகத் திறந்துவிட்டால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடாமல் அப்போதே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஏற்றுமதி வசதி இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் அது தரும் சிஎஸ்வி கோப்பை யார் திறந்தாலும் படிக்கலாம் என்பதால், புதிய பெட்டகத்தில் சேர்த்தவுடன் குப்பைத் தொட்டியிலிருந்தும் சேர்த்து அழிக்க வேண்டும். திரைப்பிடிப்பு எடுக்க இத்தகைய செயலிகள் பெரும்பாலும் விடுவதில்லை. இன்னொரு தொலைபேசியால் படம் எடுத்தால் அந்தப் படம் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறிவிடக்கூடும். எனவே முக்கியமான பத்துப் பதினைந்து கணக்குகளைக் கையால் எழுதிக்கொள்வதே மேல். மளிகைக் கடைக் கணக்குக்கு வாங்கும் 555 குறிப்பேடு இதற்குப் போதும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்ற அறிவுரை அலுவலக மேசைக்குப் பொருந்தும். அலமாரியில் நகையோடு பூட்டி வைத்த குறிப்பேட்டை இணையத் திருடன் தொட முடியாது.

மீட்க முடியாது என்று உறுதியானால், ஒவ்வொரு கணக்குக்கும் புதிய கடவுச்சொல் பெறுவதுதான் வழி. அதிலும் வரிசை முக்கியம். பெரும்பாலான கணக்குகளின் மறுசீரமைப்புச் செய்தி தொலைபேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வருகிறது. ஆகவே முதலில் எண், அடுத்து மின்னஞ்சல், அதன் பிறகே வங்கி. அந்த எண் இன்னமும் உயிரோடு இருக்கிறதா, யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முன்கட்டணச் சிம் மகன் பெயரிலோ, வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர் பெயரிலோ இருப்பது இங்கே புதுமையன்று. சிம் பழுதானால் மாற்றுச் சிம் பெறப் பெயருக்குரியவரே நேரில் வர வேண்டியிருக்கும். செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை தடுமாறும் இடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சரிபார்ப்பு எண் தாமதமாக வந்து காலாவதியாகி, மறுபடியும் மறுபடியும் கேட்டால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படும்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, தொலைபேசி வாங்கிய அன்று கடைக்காரரோ அக்கா மகளோ ஜிமெயில் கணக்கு திறந்து கொடுத்து, அதன் கடவுச்சொல்லை யாரும் குறித்து வைக்காமல் விட்டிருப்பதுதான் பெரிய தலைவலி. இந்தக் கணக்கை மீட்கும் முயற்சியை, கோலாலம்பூரில் இருக்கும் மகனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் தொலைபேசியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான வைஃபையில் முயல்வதையே கூகுள் பரிந்துரைக்கிறது. மகனின் கணினி அதற்கு அந்நியம். அவர் அழைப்பில் இருந்துகொண்டு வழி சொல்லட்டும், திரையைத் தொடுவது அம்மாவாகவே இருக்கட்டும். செயலி பழுதான அந்தத் தொலைபேசி ஏற்கெனவே ஜிமெயிலில் நுழைந்த நிலையில் இருந்தால் அதுவே பெரிய உதவி. எக்காரணம் கொண்டும் அதிலிருந்து வெளியேறாதீர்கள்.

வங்கிச் செயலியில் தொலைபேசியை மறுபடியும் பதிவு செய்யும்போது சில மணி நேரக் காத்திருப்பு விதிக்கப்படுவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த மோசடித் தடுப்பு நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று. அந்நேரத்தில் கட்ட வேண்டிய தவணை இருந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாமல் அட்டையின் பின்புறத்தில் பாருங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கு இணையத்தில் திறக்காவிட்டால், அடையாள அட்டையுடன் ஈப்போ கிளைக்கு நேரில் செல்வது பல மணி நேர மனவுளைச்சலை மிச்சப்படுத்தும். வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால், அதை மாற்ற 7 நாள்கள் காத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பின் கூடுதலாகக் கேட்கப்படும் ஈருறுதி எண்களைக் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியில் வைத்திருந்தவர்கள், 2023 ஏப்ரல் முதல் அது கணக்கோடு ஒத்திசையும் வசதியைப் பெற்றிருப்பதால், அதை இயக்கியிருந்தால் வேறு தொலைபேசியில் அவற்றைக் காணலாம்.

பழுதான செயலியை எப்போது நீக்கலாம் என்பது கடைசிக் கேள்வி. குறிப்பேட்டிலோ புதிய பெட்டகத்திலோ உள்ள ஒவ்வொரு கடவுச்சொல்லையும் கொண்டு, வேறொரு கருவியில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் வருமான வரிக் கணக்கும், பிள்ளையின் கல்விக் கடன் கணக்கும் அந்தப் பட்டியலில் விடுபட்டிருக்கின்றனவா என்று தேடிச் சேர்த்து, அவற்றிலும் நுழைந்து பார்த்த பிறகே நீக்கும் பொத்தானை அழுத்துங்கள்.