இன்டர்வியூவுக்கு முன் செய்யும் தவறுகள்: டெல்டா மாவட்டப் பிள்ளைகளுக்கு

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தவுடன் நம் பிள்ளைகளில் பலர் முதலில் செய்வது, ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ கேள்விக்கு யூடியூபில் ஆங்கிலப் பதில் தேடி மனப்பாடம் செய்வது. இருக்கிற நாளெல்லாம் அதிலேயே போய்விடுகிறது. எதிரில் உட்காருபவர் கையில் இருக்கப்போவதோ உங்கள் பயோடேட்டா. அதிலுள்ள வரிகளிலிருந்துதான் பெரும்பாலான கேள்விகள் வரும். தயாரிப்பும் அந்தத் தாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

பயோடேட்டாவில் இருப்பதற்கே பதில் இல்லாமல் போவது

பிரவுசிங் சென்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பைலில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிவருவது வழக்கமாகிவிட்டது. யாரோ எழுதிய ‘டேலி, எம்.எஸ். ஆபீஸ், இந்தி’ உங்கள் தாளிலும் ஏறிவிடும். டேலி என்று இருந்தால், ‘கான்ட்ரா வவுச்சர் எதற்குப் போடுவீர்கள்?’ என்று கேட்பார்கள். ரொக்கத்தை வங்கியில் கட்டுவதற்கும் வங்கியிலிருந்து எடுப்பதற்கும் என்று ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒரு வரியால் மற்ற வரிகள்மீதும் சந்தேகம் விழும்.

பயோடேட்டாவைப் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இரண்டு கேள்வி எழுதுங்கள். பதிலை வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். கல்லூரி புராஜெக்ட் என்றால், நால்வர் குழுவில் நீங்கள் செய்த பங்கு எது என்பது மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

இதைவிட வருத்தம் தரும் தவறு இன்னொன்று இருக்கிறது. உண்மையில் செய்த வேலையை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். உரக்கடையில் கணக்கு எழுதியது, மகளிர் குழுவுக்கு நோட்டுப் போட்டது, நெல் கொள்முதல் நிலையத்தில் சீசனுக்குப் பட்டியல் எழுதியது எல்லாம் ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்று ஒதுக்கப்படுகின்றன. அரிசி ஆலைக்கும் விதை நிறுவனத்துக்கும் கடன் நிறுவனத்தின் களப்பணிக்கும் ஆள் எடுப்பவர் தேடுவதே இந்த அனுபவத்தைத்தான். பொதுவாகச் சொல்லாமல் விவரத்தோடு சொல்லுங்கள்: ‘இரண்டு சீசன் பட்டியல் எழுதினேன். சிப்பம் 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீத வரம்புக்குள் இருக்கிறதா, அரசு தளர்வு கொடுத்திருந்தால் அதற்குள் வருகிறதா என்று பார்ப்போம். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு விவரம் சரிபார்த்துப் பதிவு செய்தேன்.’ செய்தவரால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

இடைவெளியை மறைப்பது

பட்டம் முடித்து இரண்டு மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று படித்தவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். தனியார் நிறுவனத்தில் அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். என்ன உடம்புக்கு, எங்கே பார்த்தீர்கள் என்ற அடுத்த கேள்வியிலேயே பொய் நிற்காது.

இடைவெளி ஒரு குற்றமில்லை. கேட்பவரின் கவலை வேறு: பழக்கிவிட்ட பிறகு இவர் அரசு வேலை கிடைத்துப் போய்விடுவாரோ என்பதுதான். பதில் அந்தக் கவலைக்குப் போக வேண்டும். ‘இரண்டு வருடம் குரூப் 2, குரூப் 4 எழுதினேன், கட் ஆஃப் எட்டவில்லை. இனி முழுநேர வேலை என்று முடிவு செய்துவிட்டேன்’ என்று சொல்லலாம். இன்னும் எழுதப்போகிறீர்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். ‘விடுமுறை நாளில் வரும் தேர்வை மட்டும் எழுதுவேன், வேலையைப் பாதிக்காது’ என்று சொன்னால் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அத்தனை நாள் படித்தவர் சதவீதக் கணக்கிலும் வட்டிக் கணக்கிலும் தடுமாறினால், படித்தேன் என்ற பேச்சே எடுபடாது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அரியரும் அப்படித்தான். எந்தப் பாடம், எந்த செமஸ்டரில் எழுதி முடித்தீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வாத்தியாரைக் குறை சொல்ல வேண்டாம்.

சொந்த ஊரைப் பற்றித் தெரியாமல் போவது

‘உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் தஞ்சைப் பிள்ளைகள் பெரிய கோயிலைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். வங்கி இன்டர்வியூவில் அது போதாது. ஐபிபிஎஸ் நடத்தும் அரசு வங்கி அதிகாரி தேர்வில் மெயின்ஸ் மதிப்பெண்ணும் இன்டர்வியூ மதிப்பெண்ணும் 80:20 விகிதத்தில் சேர்கின்றன. அந்த 20-ஐ நிர்ணயிக்கும் அறையில், நாளை கிராமக் கிளையில் உட்கார்ந்து பயிர்க்கடன் கொடுக்கப்போகிறவர் இவர் என்ற எண்ணத்தோடு கேட்பார்கள்.

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் அந்தத் தேதியில் வந்தால் குறுவை நடக்கும், தள்ளிப்போனால் பலர் நேராகச் சம்பாவுக்குப் போய்விடுவார்கள். குறுவை அறுத்த வயலில் நடுவது தாளடி. விவசாயிக்குக் கடன் எந்த மாதம் தேவை, எந்த மாதம் திருப்பிக் கட்ட முடியும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கிசான் கிரெடிட் கார்டில் வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை கழிந்து 4 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பதில் முழுமையாகும். வயல்வரப்பில் வளர்ந்தவருக்கு இது புதுப் பாடம் இல்லை, வரிசைப்படுத்திச் சொல்லிப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

போகிற நிறுவனத்தைப் பற்றியும் நான்கு விவரம் வேண்டும்: எப்போது தொடங்கியது, தலைமையிடம் எங்கே, என்ன விற்கிறது, உங்கள் பகுதியில் கிளை எங்கே. சிட்டி யூனியன் வங்கிக்குப் போகும் கும்பகோணத்துப் பிள்ளைக்கு, அது 1904-ல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் அதே ஊரில் தொடங்கியது என்று தெரியாவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது.

இனிஷியல் சிக்கல்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ்.’ என்று இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் அதுவே முன்னும் பின்னுமாக. தமிழ்நாட்டில் இது சாதாரணம் என்றாலும், வெளிமாநில நிறுவனங்களின் சரிபார்ப்பில் இதனால் வேலை ஆர்டர் தள்ளிப்போகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் பானையும் அதற்கு ஒத்துவரும்படி இன்டர்வியூவுக்கு முன்பே திருத்தத் தொடங்குங்கள். அன்றைய தினத்துக்கு ஒரிஜினல்கள், இரண்டு செட் ஜெராக்ஸ், நான்கு போட்டோ, அழைப்புக் கடிதத்தின் பிரின்ட் போதும். ஒரிஜினலைக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக்கூடாது.

சென்னைப் பயணத்தைக் குறைத்து மதிப்பிடுவது

காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு முந்தின இரவு பஸ் ஏறினால் போதும் என்று நினைப்பவர்கள், பஸ் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதை மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து அம்பத்தூரோ கிண்டியோ போகக் காலை நெரிசலில் நேரம் தனியாக வேண்டும். ரயிலில் போகிறவர்கள், இன்டர்வியூ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ வண்டி நிற்குமா என்று பார்த்து இறங்கலாம். ஸ்லீப்பர் தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், உழவன், மன்னை போன்ற வண்டிகளில் அதையே நம்பியிருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. இன்டர்வியூ சட்டையைப் போட்டுக்கொண்டு பயணம் செய்ய வேண்டாம்.

வீட்டிலிருந்தே வீடியோ இன்டர்வியூ என்றால் கவலை வேறு. அன்று உங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று செய்தித்தாளில் பாருங்கள். காலை 9 மணிக்குப் போகும் கரன்ட் மாலையில்தான் வரும், வைஃபையும் அதோடு போகும். முழு சார்ஜில் இன்னொரு போன் ஹாட்ஸ்பாட்டோடு இருக்கட்டும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துத் தெரியும். ஆடி, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி கேட்கும் வீடு என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை விசாரிக்காமல் தலையாட்டுவது

மாதம் 20,000 சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் கைக்கு 20,000 வராது. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,440, கிராஜுவிட்டி ஒதுக்கீடு சுமார் 577, நிறுவனத்தின் இஎஸ்ஐ பங்கு 3.25 சதவீதம் எல்லாம் அந்த 20,000-க்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்காக பிஎஃப் 1,440-ம் இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 15,800. அதில் ரூம் வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கையில் எவ்வளவு வரும், பாண்டு (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை மாதம், டார்கெட் என்ன என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

பணம் கட்டுவது

மத்திய அரசில் குரூப் சி பதவிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பதவிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் இல்லை. ஆகவே அந்த வேலைகளுக்கு ‘இன்டர்வியூவில் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட் கேட்கும் தனியார் அழைப்பையும் நம்ப வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டது தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.