அமெரிக்க அரசு முடங்கினால் சம்பளம் எப்போது நிற்கும், எப்போது வரும்?

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் பிறக்கிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்களோ தற்காலிக நீட்டிப்போ நிறைவேறாவிட்டால், பணம் கிடைக்காத துறைகள் மூட வேண்டியதுதான். அவை கடன் சொல்லி வேலை வாங்கவும் ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம் விடாது.

நீங்கள் அமெரிக்க மத்திய அரசு ஊழியர் என்றால், முதலில் உங்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தபால் துறையும், பெரும்பாலும் கட்டண வருவாயில் ஓடும் குடியேற்றச் சேவை அலுவலகமும் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியில்லை. மற்றவர்களில் உயிர், உடைமைப் பாதுகாப்புக்கானவர்கள் (விமான நிலையச் சோதனையாளர்கள், விமானக் கட்டுப்பாட்டாளர்கள்) சம்பளமில்லாமல் வேலைக்கு வர வேண்டும். மீதிப் பேர் ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாத கட்டாய விடுப்பில், வீட்டிலிருக்க வேண்டும். ஹெச்-1பி வேலை விசா மனுவும் இதில்தான் மாட்டுகிறது. மனுவை வாங்கும் அலுவலகம் திறந்திருந்தாலும், அதற்கு முன் தொழிலாளர் துறை எல்சிஏ (சம்பளம், பணி நிலைமை பற்றி முதலாளி தரும் உறுதிமொழி விண்ணப்பம்) மீது சான்று தர வேண்டும். 2013, 2025 முடக்கங்களில் அது நின்றது. 2018-19-ல் அத்துறைக்கு முன்பே நிதி கிடைத்துவிட்டதால் நிற்கவில்லை.

அடி உடனே விழாது. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால் முதலில் குறைந்த தொகை வரும், அடுத்த முறைதான் பூஜ்யம். 2025 முடக்கம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்தது. செப்டம்பர் 21 – அக்டோபர் 4 சம்பளக் காலத்துக்குப் பலருக்கு செப்டம்பர் 30 வரைதான் பணம் வந்தது. அந்தப் பாதிச் சம்பளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வீட்டுக்கடன், கார் கடன்காரர்களிடம் அவகாசம் கேட்க வேண்டியது அப்போதே. சம்பளத்திலிருந்து நேராகப் போகும் தவணைகள் இருந்தால் அவையும் நின்றுவிடும், கையால் கட்டுங்கள். மருத்துவக் காப்பீடு அறுபடாது. கட்டாத பிரீமியம் பின்னால் பிடிக்கப்படும். டிஎஸ்பி ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் சம்பளம் வரும்வரை எதுவும் போகாது.

ஃபர்லோவில் இருப்பவர் வேலையின்மை உதவிக்கு மனுச் செய்யலாம். பொதுவாக, குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல, பணியிடம் இருக்கும் மாநிலத்தில். எஸ்எஃப்-8 (வேலையின்மை உதவி பற்றிய அறிவிப்பு), எஸ்எஃப்-50 (பணி நியமன விவர ஆவணம்) படிவங்களையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் முடக்கத்துக்கு முன்பே சொந்தக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஃபர்லோ நாளில் அலுவலக மடிக்கணினியில் வேலை பார்ப்பது தடை. இலவசமாக உழைக்கிறேன் என்றாலும் சட்டம் ஒப்பாது. நிலுவைச் சம்பளம் வந்ததும் அந்த உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், செலவழித்துவிடாதீர்கள். முழுநேரம் வேலைக்கு வருபவர்களுக்குப் பொதுவாக இந்த உதவி இல்லை. அநியாயம்தான்.

நிலுவை வரும். வீட்டிலிருந்தவர், வேலை பார்த்தவர் இருவருக்கும் 2019 ஜனவரிச் சட்டம் அதை உறுதி செய்கிறது. 2025-ல் ஃபர்லோவில் இருந்தவர்களுக்கு அது உண்டா என்று வெள்ளை மாளிகைத் தரப்பிலேயே கேள்வி கிளம்பியது. முடக்கத்தை முடித்த சட்டம் மறுபடி எழுதி உறுதி செய்தது. வந்த சீட்டைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டு, ஓவர்டைமும் இரவுப் படியும் இருக்கிறதா, பிரீமியம் இருமுறை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கான்ட்ராக்ட் நிறுவன ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் போன நாளைப் போனதாகவே வைத்துத் திட்டமிட வேண்டும்.